சித்தன்னவாசல் சுவரோவியங்களின் வேதியியல்: துணுக்குப் பகுப்பாய்விலிருந்து ஊடுகதிர் நிறமாலை வரைபடம் வரை

ஆய்வுச்சுருக்கம்

புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் சுவரோவியங்கள் பல்லவர் காலத்தனவா, பாண்டியர் காலத்தனவா என்னும் வினா கல்வெட்டுச் சான்றால் பெரும்பாலும் தீர்ந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. எனினும், அங்கு ஈரடுக்கு ஓவியம் உண்டு என்னும் கருத்து அவ்வினாவை வேறொரு வடிவில் உயிர்ப்புடன் வைத்துள்ளது. 1930களின் வேதியியல் பகுப்பாய்வு அங்குள்ள வண்ணப்பொருள்கள் எவை என்பதைக் கூறியது. அவை எந்த அடுக்கில் உள்ளன என்பது அதன் எல்லைக்கு அப்பாற்பட்டதாக இருந்தது. ஊடுகதிர்ப் படமாக்கத்தையும் நிறமாலையியலையும் இணைக்கும் இன்றைய முறைகள் இவ்விடைவெளியை நிரப்பக்கூடியவை. ஆனால், சுவரின் முன் கருவியை நிறுத்தி அடியடுக்கைக் காணலாம் என்னும் பரவலான எதிர்பார்ப்பு சுண்ணாம்புச் சுதையின் இயல்போடு பொருந்தாது. உதிர்ந்த துணுக்குகளின் குறுக்குவெட்டே உரிய ஆய்வுப்பொருள் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: சித்தன்னவாசல், அறிவர் கோயில், சுவரோவியம், எஸ். பரமசிவன், ஊடுகதிர் ஒளிர்வு, உறிஞ்சல் நிறமாலை, சுண்ணாம்புச் சுதை.

1. கல்வெட்டு தீர்த்ததும் தீர்க்காததும்

புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், அன்னவாசலுக்கு அருகே, சித்தன்னவாசல் குன்று அமைந்துள்ளது. குன்றின் கிழக்குச் சரிவிலுள்ள ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகைத்தளத்தில் சமண முனிவர்க்கு அமைக்கப்பட்ட கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உள்ளன. மேற்குச் சரிவில் குடைவரையாக அமைந்தது அறிவர் கோயில். சதுரக் கருவறை, அதன் முன் அர்த்தமண்டபம் என்னும் எளிய அமைப்பே அதன் மூலவடிவம். இன்று முகப்பில் காணப்படும் தூண் மண்டபம், சமஸ்தான நிர்வாகி அலெக்சாண்டர் டாட்டன்ஹாம் காலத்தில் குடுமியான்மலையின் சிதைந்த மண்டபத் தூண்களைக் கொண்டுவந்து எழுப்பப்பட்டது. அதனைப் பழமையின் பகுதியாகக் கொண்டு எழுதும் வழக்கம் சில வழிகாட்டி நூல்களில் இன்றும் தொடர்கிறது.

எஸ். இராதாகிருஷ்ண ஐயர் 1916இல் வெளியிட்ட புதுக்கோட்டை வரலாற்றில் இவ்விடம் பற்றிய குறிப்பு உண்டு. டி. ஏ. கோபிநாத ராவ் ஓவியங்களைக் கண்டறிந்து தெரிவித்ததைத் தொடர்ந்து, பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் 1920இல் அவற்றைப் பல்லவ ஓவியம் என்னும் பெயரில் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். சமணராயிருந்து பின்னர்ச் சைவரான முதலாம் மகேந்திரவர்மனைப் பற்றிய மரபும், சித்திரகாரப்புலி என்னும் அவனது விருதுப்பெயரும் அக்கருத்துக்கு வலுச் சேர்த்தன. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கலை வரலாற்று நூல்கள் அனைத்தும் இதனையே வழிமொழிந்தன.

குடைவரையின் தென்புறப் பாறையில் உள்ள தமிழ்ச் செய்யுட் கல்வெட்டு படிக்கப்பட்டபின் நிலை மாறியது. மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்னும் சமண ஆசிரியர், அவனிபசேகரன் என்னும் பட்டமுடைய ஸ்ரீவல்லபப் பாண்டியன் காலத்தில், அகமண்டபத்தைப் புதுக்கி முகமண்டபத்தை எழுப்பியதை அக்கல்வெட்டு கூறுகிறது. இம்மன்னன் 9ஆம் நூற்றாண்டின் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் என அடையாளம் காணப்பட்டான். தாமரைக் குளமும் அதில் மலர் பறிக்கும் பவ்யர்களும், தூண்களில் உள்ள ஆடல் மகளிரும், அரச இணையரும் இத்திருப்பணியின்போது தீட்டப்பட்டவை என்னும் முடிவு வலுப்பெற்றது.

கல்வெட்டுப் 'புதுக்கியதை'க் கூறுகிறது என்பது இங்கு நுணுகி நோக்கத்தக்கது. புதுக்கப்படுவதற்கு முன் ஒன்று இருந்திருக்க வேண்டும். அது வெறும் பாறைமுகமாக இருந்ததா, ஏற்கெனவே சுதை பூசி வண்ணம் தீட்டப்பட்டிருந்ததா? 1940களில் இவ்வோவியங்களின் காலம் குறித்து எழுதிய கே. ஆர். சீனிவாசன், சுதையும் ஓவியமும் ஈரடுக்காக அமைந்திருப்பதையும், கருவறை விதானத்தின் கம்பள விரிப்பு போன்ற கோல வடிவங்கள் முந்தைய அடுக்கைச் சார்ந்தவை என்பதையும் எடுத்துக்காட்டினார். ஆகவே, பாண்டியர் காலம் என்னும் விடை மேலடுக்குக்கு மட்டுமே உரியது. அடியடுக்கு எந்தத் தூணில், எந்த விதானப் பகுதியில், எவ்வளவு பரப்பில் எஞ்சியுள்ளது என்பது தெரிந்தாலொழிய, சித்தன்னவாசல் ஓவியத்தை ஒரே காலத்துக் கலைப்படைப்பாகக் கொண்டு பாணி ஒப்பீடு செய்வது பாதுகாப்பான முறையாகாது. அஜந்தாவுடனும், காஞ்சி, பனைமலை ஓவியங்களுடனும், தஞ்சைப் பெரிய கோயிலுடனும் செய்யப்பட்ட ஒப்பீடுகள் பலவும் இந்த அடுக்கு வேறுபாட்டைக் கருதாமல் நிகழ்ந்தவை.

2. பரமசிவனின் பகுப்பாய்வு

சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கப்பெற்றது. செப்புத்திருமேனிகளைத் தின்றுகொண்டிருந்த குளோரைடு நோயை மின்பகுப்பு முறையில் நீக்குவதே அதன் முதற்பணி. அங்குப் பணியாற்றிய எஸ். பரமசிவன் தென்னிந்தியச் சுவரோவியங்களின் செய்முறையை வேதியியல் நோக்கில் வரிசையாக ஆராய்ந்தார். 1939இல், சர் சி. வி. இராமன் 1934இல் நிறுவிய இந்திய அறிவியல் கழகத்தின் நடவடிக்கை இதழில், சித்தன்னவாசல் பற்றிய அவரது கட்டுரை வெளியாயிற்று. கோயில் ஓவியம் பற்றிய ஆய்வு இயற்பியல், வேதியியல் கட்டுரைகளுக்கிடையே இடம்பெற்றது அக்காலத்தில் அரிய நிகழ்வு.

பாறைமுகத்தின்மீது முதலில் சுண்ணாம்பும் மணலும் கலந்த முரட்டுக் காரையும், அதன்மீது மெல்லிய சுண்ணாம்புப் பூச்சும், அதன்மீது வண்ணமும் என்னும் அமைப்பு இவ்வாய்வால் தெளிவாயிற்று. வெண்மைக்குச் சுண்ணாம்பு, கருமைக்குக் கரி, மஞ்சளுக்கு மஞ்சட்காவி, சிவப்புக்குச் செங்காவி, பசுமைக்குப் பச்சைமண், நீலத்துக்கு இலாபிசு இலாசுலி எனப்படும் நீலக்கல்லின் பொடி ஆகியவை பயன்பட்டன என்னும் பட்டியல் இவ்வாய்வு வழியாகவே நூல்களில் நிலைபெற்றது. உலர்ந்த சுதையின்மீது தீட்டும் முறை என்னும் விளக்கமும் அவ்வாறே. அப்பட்டியல் மூலிகைச் சாறு என்னும் செவிவழிக் கதையை ஆய்வுலகிலிருந்து விலக்கியது. சுற்றுலாக் குறிப்புகளில் மூலிகை இன்றளவும் வாழ்கிறது. அது வேறு செய்தி.

அக்காலப் பகுப்பாய்வின் இயல்பைப் புரிந்துகொண்டால்தான் அதன் எல்லையும் புரியும். ஓவியத்தின் ஓரத்திலிருந்து ஒரு சிறு செதிலை எடுத்து, அமிலத்தில் கரைத்து, வினைப்பொருள்களைச் சேர்த்து, தோன்றும் வீழ்படிவும் நிறமும் கொண்டு தனிமங்களை உறுதிசெய்வது நடைமுறை. நுண்ணோக்கியின் கீழ்ச் செதிலைப் பார்ப்பதும் உண்டு. கரைத்த கணத்தில் அடுக்கு அழிந்துவிடுகிறது. மேற்பூச்சின் இரும்பும் அடிப்பூச்சின் இரும்பும் ஒரே சோதனைக் குழாயில் கலந்தபின், அவை எவ்வடுக்கிலிருந்து வந்தன என்று பிரித்தறிய வழியில்லை. மேலும், செதில் எடுக்க இசைவு கிடைப்பது ஏற்கெனவே சிதைந்த இடங்களில்தான். தாமரைக் குளத்தின் நடுவில் எவரும் கத்தியை வைக்கமாட்டார். எனவே, கிடைத்த முடிவு முழு ஓவியத்தையும் சார்ந்ததன்று. அதன் சிதைந்த ஓரங்களைச் சார்ந்தது. இது பரமசிவனின் குறையன்று; அன்றைய முறை அவ்வளவே இடந்தந்தது. ஆனால், அந்தப் பட்டியலைப் பின்வந்தோர் அடுக்கு வேறுபாடின்றி முழு ஓவியத்துக்கும் உரியதாக எடுத்தாண்டது முறையியல் பிழையே.

3. 'என்ன' என்பதிலிருந்து 'எங்கே' என்பதற்கு

1895இல் இராண்ட்கன் ஊடுகதிரைக் கண்டறிந்த அடுத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே ஐரோப்பாவில் ஓவியங்களை ஊடுகதிர்ப் படமெடுக்கும் முயற்சி தொடங்கிவிட்டது. அப்படம் காட்டுவது அடர்த்தி வேறுபாட்டை மட்டுமே. ஈயம் கலந்த வெண்மை ஒளிபுகா நிழலாகவும், மண் வண்ணங்கள் மங்கலாகவும் தெரியும். 1913இல் மோஸ்லி, ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் ஊடுகதிரை உமிழ்கிறது என்பதையும், அவ்வாற்றல் அணு எண்ணோடு ஒழுங்காக உயர்கிறது என்பதையும் காட்டினார். ஊடுகதிர் ஒளிர்வு முறையின் அடிப்படை இதுவே. பொருளின்மீது ஊடுகதிர் விழ, அதன் அணுக்களின் உள்வட்ட எலக்ட்ரான்கள் வெளியேற, அவ்விடத்தை வெளிவட்ட எலக்ட்ரான் நிரப்பும்போது தனிமத்தின் அடையாளக் கதிர் வெளிப்படும். கதிர்க்கற்றையைச் சுருக்கி, பொருளைப் புள்ளி புள்ளியாக நகர்த்தி, ஒவ்வொரு புள்ளியிலும் நிறமாலையைப் பதிவுசெய்தால் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு வரைபடம் கிடைக்கும்.

இதனோடு உறிஞ்சல் நிறமாலை சேரும்போது தனிம வரைபடம் வேதியியல் வரைபடமாகிறது. விழும் கதிரின் ஆற்றலைச் சிறுசிறிதாக உயர்த்திச் செல்லும்போது, தனிமத்தின் உறிஞ்சல் விளிம்பில் உறிஞ்சல் திடீரென ஏறும். இரும்புக்கு அவ்விளிம்பு 7112 எலக்ட்ரான் வோல்ட்டு அளவில் உள்ளது. அவ்விளிம்பின் சரியான இடமும் அதன் அருகமைந்த மேடுபள்ளங்களும், இரும்பு ஈரிணைதிறத்ததா மூவிணைதிறத்ததா, எத்தகைய அணுச்சூழலில் உள்ளது என்பவற்றைக் காட்டும். ஆற்றலை இவ்வளவு நுட்பமாக மாற்றவும் கற்றையை மைக்ரோமீட்டர் அளவுக்குச் சுருக்கவும் சிங்க்ரோட்ரான் எனப்படும் எலக்ட்ரான் சேமிப்பு வளையத்தின் ஒளி உகந்தது.

தமிழக மரபுப் பொருள்களில் இவ்வழியின் தொடக்கத்தைச் செப்புத்திருமேனிகளில் காணலாம். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் பல்தேவ் ராஜ் முதலியோர், சென்னை அருங்காட்சியகத் திருமேனிகளைச் சிதைக்காமல் ஆராயும் பணியில் ஈடுபட்டனர். அணு உலைக் குழாய்களின் பற்றவைப்புகளைச் சோதிக்கப் பயன்பட்ட அறிவு, வார்ப்பின் உட்புழைகளையும் பழைய ஒட்டுகளையும் காண உதவியது. திருமேனிகளுக்குக் கிடைத்த அந்த நல்வாய்ப்புச் சுவரோவியங்களுக்கு அதே அளவில் கிடைக்கவில்லை. திருமேனியைக் கருவியிடம் கொண்டுசெல்லலாம். குன்றைக் கொண்டுசெல்ல இயலாது.

4. மூன்று வண்ணங்களில் ஒரே இரும்பு

சித்தன்னவாசலின் வண்ணப்பட்டியலை ஊடுகதிர் ஒளிர்வுக் கருவியின் கண்கொண்டு நோக்கினால், அதன் பெரும்பகுதி இரண்டே தனிமங்களாகச் சுருங்கிவிடுகிறது. சுண்ணாம்பு எங்கும் பரவியிருப்பதால் கால்சியம் எங்கும் உள்ளது. செங்காவியின் நிறத்துக்குக் காரணம் ஹேமடைட்டு என்னும் இரும்பு ஆக்சைடு. மஞ்சட்காவிக்குக் கோதைட்டு என்னும் நீரேறிய இரும்பு ஆக்சைடு. பச்சைமண்ணுக்கு இரும்பு கலந்த செலடோனைட்டு அல்லது கிளாக்கோனைட்டு. மூன்றும் இரும்பு வரைபடத்தில் ஒன்றுபோலத் தோன்றும். தாமரை இலையின் பசுமையும் பவ்யரின் மேனி நிறமும் ஒரே ஒளிர்வாகப் பதியும். பச்சைமண்ணில் பொட்டாசியம் மிகுந்திருக்கும் என்பது ஓரளவு உதவலாம். ஆனால், காரை மணலில் கலந்த களிக்கல் துகள்களும் பொட்டாசியம் தருவன. கரியோ ஊடுகதிர் ஒளிர்வில் தோன்றவே தோன்றாது. கார்பன் அவ்வளவு இலேசான தனிமம்.

இரும்பின் உறிஞ்சல் நிறமாலை சேரும்போதுதான் இக்குழப்பம் தீரும். ஹேமடைட்டிலும் கோதைட்டிலும் இரும்பு மூவிணைதிறத்தது. எனினும், அணுக்களின் அடுக்கு வேறுபடுவதால் விளிம்பருகே வடிவம் வேறுபடும். பச்சைமண்ணில் ஈரிணைதிற இரும்பும் கலந்திருக்கும். எனவே விளிம்பு சற்றுத் தாழ்ந்த ஆற்றலுக்கு நகரும். ஊடுகதிர் விளிம்பு வளைவு முறை இதனை உறுதிசெய்யும். இதில் வரலாற்றுப் பயன் ஒன்று உண்டு. கோதைட்டைச் சூடாக்கினால் நீர் நீங்கி ஹேமடைட்டாகும். மஞ்சட்காவியை வறுத்துச் செங்காவி செய்வது உலகெங்கும் அறியப்பட்ட தொழில்நுட்பம். ஓவியன் செம்மண்ணை அப்படியே அரைத்தானா, மஞ்சளை வறுத்துச் செம்மை பெற்றானா என்பதைத் துகளின் உள்ளமைப்பு காட்டக்கூடும். மேலும், மேலடுக்கின் சிவப்பும் அடியடுக்கின் சிவப்பும் ஒரே மண்ணிலிருந்து வந்தவையா என்பதை அவற்றிலுள்ள மாங்கனீசு, டைட்டானியம், ஆர்செனிக்கு முதலிய சிறுகூறுகளின் விகிதம் கொண்டு ஒப்பிடலாம். புதுக்கோட்டை வட்டாரத்துச் செம்புறாங்கல் மண்ணோடும் அதனை ஒப்பிட இயலும். இளங்கௌதமன் மதுரையிலிருந்து வந்தவர். அவர் அழைத்துவந்த ஓவியர் வண்ணத்தையும் உடன் கொண்டுவந்தனரா, உள்ளூர் மண்ணை எடுத்தாண்டனரா என்பது கல்வெட்டில் இல்லாத செய்தி.

5. நீலத்தின் வினா

பட்டியலில் அதிகம் சுமத்தப்பட்ட வண்ணம் நீலமே. நீலக்கல்லின் பண்டைய பெருஞ்சுரங்கம் ஆப்கானிஸ்தானின் படக்சான் மலைப்பகுதியில் உள்ளது. சித்தன்னவாசலின் நீலம் அக்கல்லே எனில், பாண்டிய நாட்டின் ஒரு குடைவரைக்கு இந்துகுஷ் மலையிலிருந்து பொருள் வந்த வணிகச் சங்கிலி ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அஜந்தாவில் நீலக்கல் உறுதிசெய்யப்பட்டிருப்பதால் இது நடவாத செயலன்று. ஆயினும், இவ்வளவு பெரிய வரலாற்றுக் கூற்றை ஒரு செதிலின் மீதான வினைச் சோதனையில் மட்டும் நிறுத்துவது போதாது.

இங்குக் கருவியின் வலிமையும் வலுவின்மையும் ஒருங்கே வெளிப்படுகின்றன. நீலக்கல்லின் நிறக்கூறு சோடியம், அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன், கந்தகம் ஆகியவற்றால் ஆனது. இவை யாவும் இலேசான தனிமங்கள். அவற்றின் ஒளிர்வுக் கதிர்கள் சில சென்டிமீட்டர் காற்றிலேயே பெரிதும் தேய்ந்துவிடும். கையடக்கக் கருவி நீலப் பரப்பில் செம்பைக் கண்டால், அது எகிப்திய நீலம் போன்ற செம்பு வண்ணம் என்று கூறிவிடலாம். கோபால்ட்டைக் கண்டால் பிற்காலத் திருத்தம் என்று ஐயுறலாம். எதையும் காணாவிடில் நீலக்கல் எனக் கொள்வது எதிர்மறைச் சான்றை நேர்ச்சான்றாக்கும் பிழையாகும். அவுரி போன்ற தாவர நீலமும் அவ்வாறே தனிமச் சுவடின்றி நிற்கும்.

கந்தகத்தின் வரைபடம் தனித்து உதவாது. சுண்ணாம்புச் சுவரில் காலப்போக்கில் ஜிப்சம் உருவாகும். அதிலும் கந்தகம் உண்டு. நீலக்கல்லில் நிறத்துக்குக் காரணமான முக்கந்தக அயனி, ஜிப்சத்தின் சல்பேட்டைவிட ஏறத்தாழ 14 எலக்ட்ரான் வோல்ட்டு தாழ்ந்த ஆற்றலில் உறிஞ்சும். எனவே, கந்தக விளிம்பில் இரண்டு ஆற்றல்களில் இரு வரைபடம் எடுத்தால் நீலத்தின் கந்தகமும் உப்பின் கந்தகமும் தனித்தனியே பிரியும். படமும் நிறமாலையும் இணைந்தாலன்றி விடை கிடையாத நிலைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. இன்னொரு தடையும் உண்டு. 1828 முதல் செயற்கை நீலம் ஐரோப்பாவில் உற்பத்தியாகி மலிவாகப் பரவியது. கடந்த நூற்றாண்டில் யாரேனும் ஓவியத்தைத் தொட்டுத் திருத்தியிருந்தால் அப்பொடியே பயன்பட்டிருக்கும். இயற்கை நீலக்கல்லில் கால்சைட்டு, டயாப்சைடு, பைரைட்டு முதலிய உடன்கனிமங்கள் கலந்து, துகள்கள் கோணலாகவும் பருமன் வேறுபட்டும் இருக்கும். செயற்கைப் பொடி உருண்டு சீராக இருக்கும். இராமன் விளைவுக் கருவியும் முக்கந்தக அயனியை எளிதில் அடையாளங்காட்டும் என்பதைக் குறிப்பிடுதல் நேர்மை. ஊடுகதிரே எல்லாவற்றுக்கும் திறவுகோல் என்னும் ஆர்வம் ஆய்வுக்கு உதவாது.

6. அடியடுக்கு மேலிருந்து தெரியுமா?

2008இல் வான்கோவின் புல்வெளி ஓவியம் ஒன்றின் அடியில் மறைந்திருந்த பெண் முகம், ஹாம்பர்க் நகரின் சிங்க்ரோட்ரான் ஒளியில் வெளிப்பட்டது. இச்செய்தி பரவியபின், மறைந்த ஓவியம் எங்கிருந்தாலும் ஊடுகதிர் காட்டிவிடும் என்னும் நம்பிக்கை பிறந்தது. சித்தன்னவாசலின் அடியடுக்கையும் அவ்வாறே காணலாம் என எண்ணுவோர் ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும்.

வான்கோ ஓவியத்தில் மறைந்த முகத்தைக் காட்டியவை பாதரசமும் ஆன்டிமணியும். ஆன்டிமணியின் ஒளிர்வுக் கதிர் 26 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டு ஆற்றலுடையது. மேலுள்ள வண்ணத்தை ஊடுருவி வெளியேறும் வலிமை அதற்கு உண்டு. சித்தன்னவாசலில் தேடப்படுவது இரும்பு. அதன் கதிர் 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டு மட்டுமே. கால்சியம் அக்கதிரைக் கடுமையாக உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சில் 30 முதல் 40 மைக்ரோமீட்டர் கடப்பதற்குள் அது மூன்றில் ஒரு பங்காகத் தேய்கிறது. அரை மில்லிமீட்டர் பூச்சின் அடியிலிருந்து புறப்படும் கதிரில் மேலே வந்துசேர்வது ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. மேலடுக்கின் சொந்த இரும்பு ஒளியில் அது காணாமற்போகும். ஆகவே, இரு ஓவியங்களுக்கிடையே சுண்ணாம்புப் பூச்சு உள்ள இடத்தில், சுவரின் முன் நிறுத்திய எந்தக் கருவியும் அடியடுக்கின் காவிக் கோட்டைக் காட்டாது. காட்டியதாக வரும் வரைபடம் மேலடுக்கின் சிதைவையே காட்டுகிறது எனக் கொள்வதே தகும். பழைய வண்ணத்தின்மீது நேரடியாகப் புதுவண்ணம் தீட்டப்பட்ட இடங்களில் மட்டும் இம்முறை பயன்படலாம்.

தஞ்சைப் பெரிய கோயிலின் நிகழ்வு இதனோடு ஒப்பிடத்தக்கது. 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டது, மேற்பூச்சு தானே உதிர்ந்த இடங்களில்தான். பின்னர்த் தொல்லியல் துறையின் வேதியியலர் நாயக்கர் அடுக்கைச் சேதமின்றிப் பெயர்த்துத் தனிப்பலகையில் பொருத்திச் சோழர் அடுக்கை வெளிக்கொணர்ந்தனர். அங்கு மேலடுக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டது, பரப்பும் பெரிது. பெயர்ப்பதற்கு ஞாயம் இருந்தது. சித்தன்னவாசலில் மேலடுக்கே எஞ்சிய பெருஞ்செல்வம். அதனைப் பெயர்த்து அடியைக் காண்பது எண்ணிப் பார்க்கவும் தகாதது.

7. உதிர்ந்த துணுக்கு

அப்படியாயின் விடை எங்கிருந்து வரும்? பாமியான் குகைகள் ஒரு வழியைக் காட்டின. புத்தர் பேருருவங்கள் 2001இல் தகர்க்கப்பட்டபின், அக்குகைகளின் ஓவியத் துணுக்குகள் பிரான்சின் கிரனோபிள் நகரச் சிங்க்ரோட்ரானில் ஆராயப்பட்டன. குறுக்காக வெட்டப்பட்ட நுண்துணுக்குகளில் ஊடுகதிர் ஒளிர்வு, உறிஞ்சல், விளிம்பு வளைவு, அகச்சிவப்பு ஆகிய முறைகள் ஒரே புள்ளிகளில் சேர்த்துப் பயன்படுத்தப்பட்டன. ஏழாம் நூற்றாண்டளவில் தீட்டப்பட்ட சில குகை ஓவியங்களில் உலரும் எண்ணெய் பிணைபொருளாகப் பயன்பட்டது 2008இல் தெரியவந்தது. ஐரோப்பாவே எண்ணெய் வண்ணத்தின் பிறப்பிடம் என்னும் பாடநூற் கூற்று அதனால் ஆட்டங்கண்டது. ஓவியத்தின் முகத்தை மேலிருந்து நோக்கியிருந்தால் அம்முடிவு கிடைத்திருக்காது. துணுக்கின் பக்கவாட்டு அடுக்குகளில்தான் அது பதிந்திருந்தது.

சித்தன்னவாசலுக்கும் இவ்வழியே பொருந்தும். அரை மில்லிமீட்டர் அகலமுள்ள உதிர்துணுக்கு ஒன்றைப் பிசினில் பதித்துக் குறுக்கே மெருகிட்டால், பாறையை ஒட்டிய காரை முதல் மேல்வண்ணம் வரை முழு வரலாறும் ஒரே பரப்பில் அமையும். இரு சுதை அடுக்குகளுக்கிடையே வண்ணம் உண்டெனில் அது மெல்லிய இரும்புக் கோடாகத் தெரியும். கோடு இல்லையெனில் அவ்விடத்தில் இரண்டாம் அடுக்கு என்பது மறுபூச்சே, ஓவியமன்று. உலர்சுதை முறை என்னும் விளக்கமும் இங்கே சோதனைக்கு உள்ளாகும். ஈரச்சுதையில் தீட்டினால் சுண்ணாம்பு மேலேறி இறுகும்போது வண்ணத்துகள்களைக் கால்சைட்டுப் படலம் போர்த்திக்கொள்ளும். உலர்ந்தபின் தீட்டினால் வண்ணத்துக்கும் சுதைக்கும் இடையே தெளிவான எல்லை நிற்கும். கால்சியத்தின் செறிவு அவ்வெல்லையில் படிப்படியாக மாறுகிறதா, சட்டென முறிகிறதா என்பதே சான்று. பிணைபொருளாகப் பசையோ பாலோ சேர்ந்திருந்தால் ஊடுகதிர் அதனைக் காணாது. அகச்சிவப்பு நிறமாலையின் துணை வேண்டும்.

இவ்வளவும் கூறியபின் ஓர் எச்சரிக்கை தேவை. வேதியியல் வரைபடம் எது முன், எது பின் என்னும் வரிசையைத் தரும், ஆண்டைத் தராது. செங்காவி ஏழாம் நூற்றாண்டிலும் ஒன்பதாம் நூற்றாண்டிலும் செங்காவியே. அடியடுக்கு மகேந்திரவர்மன் காலத்தது என்றோ, முற்பாண்டியர் காலத்தது என்றோ ஊடுகதிர் கூறாது. ஆயினும், ஊடுகதிர்க் குறுக்குவெட்டுப் படத்தில் சுதைக்குள் அடர்த்தி குன்றிய புள்ளிகளாகத் தோன்றும் கரித்துகள்கள், சுண்ணாம்பு சுட்ட காளவாயிலிருந்து வந்தவை. அவற்றை அடுக்கு அறிந்து பிரித்தெடுத்தால் கார்பன் காலக்கணிப்புக்கு உட்படுத்தலாம். அப்போதும் கிடைப்பது விறகின் வயதே என்பதை மறத்தலாகாது.

கருவி வசதி இந்தியாவில் இல்லை என்று கூறவியலாது. இந்தூரில் உள்ள இராஜா இராமண்ணா உயர்தொழில்நுட்ப மையத்தின் இந்தஸ்-2 வளையம் 2.5 கிகா எலக்ட்ரான் வோல்ட்டு ஆற்றலில் இயங்குகிறது. நுண்கற்றை ஊடுகதிர் ஒளிர்வுக்கும், உறிஞ்சல் நிறமாலைக்கும், படமாக்கத்துக்கும் தனித்தனி ஒளித்தடங்கள் அங்கு உள்ளன. பல்கலைக்கழக ஆய்வாளர் முன்மொழிவு அளித்துப் பயன்படுத்தலாம். இரும்பின் வினாக்கள் அங்கேயே தீரத்தக்கவை. நீலத்தின் கந்தகம் அந்நுண்கற்றைத் தடத்தின் ஆற்றல் எல்லைக்குக் கீழே அமைவதால், அதற்கு இராமன் விளைவுக் கருவியையோ அயல்நாட்டு ஒளித்தடத்தையோ நாட வேண்டும்.

உண்மையான தடை கருவியில் அன்று, துணுக்கில் உள்ளது. அறிவர் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம்; சுவரில் கைவைக்க இசைவு கேட்பது முறையன்று, தேவையுமன்று. தூய்மைப் பணியின்போது தரையில் விழும் சுதைத்தூளே போதும். அத்தூள் துடைப்பத்தோடு வெளியேறிவிட்டால் அதனோடு அடுக்கும் போய்விடும். விழுந்த துணுக்கு எந்தத் தூணின் எந்த முகத்துக்குக் கீழ், அல்லது விதானத்தின் எந்தக் கட்டத்துக்குக் கீழ்க் கிடந்தது, எந்நாளில் எடுக்கப்பட்டது, வண்ணப்பக்கம் எது என்னும் குறிப்போடு தனித்தனிக் கண்ணாடிக் குப்பியில் இடப்பட வேண்டும். கருவறை விதானத்தின் கீழிருந்து எடுத்ததும் அர்த்தமண்டபத் தாமரைக் குளத்தின் கீழிருந்து எடுத்ததும் ஒன்றாகக் கலவாதிருத்தல் முதல் நிபந்தனை. சீனிவாசன் முந்தைய அடுக்கு எனச் சுட்டியது கருவறை விதானத்தையே. ஆதலின் குறுக்குவெட்டுக்கு முதலில் எடுத்துக்கொள்ளத்தக்கது அதன் கீழ் உதிர்ந்த துணுக்கு.